கொன்றவன் யாரென்று தெரிந்த பிறகும்

'மந்திரிகுமாரி', 'மர்மயோகி' என்று எம்.ஜி.ஆர். வாள் சுழற்றிக்கொண்டிருந்த காலம். 1952-ல் அவர் நடித்து வெளிவந்த 'அந்தமான் கைதி'யில் வாளும் இல்லை, ராஜா ராணியும் இல்லை. கு.சா.கிருஷ்ணமூர்த்தியின் மேடை நாடகத்தை வி.கிருஷ்ணன் படமாக்கினார். பழைய படம்தானே என்று அசட்டையாக உட்காருபவரை நிமிர வைக்கும் குற்றக் கதை இது.

காரணம், கதை சொல்லும் முறை. நாயகன் நடராஜன் ஏற்கெனவே தண்டனைக் கைதி. அந்தமான் சிறையில் இருந்தபடி சக கைதியிடம் நடந்ததைச் சொல்கிறான். ஆக, யார் குற்றவாளி என்ற மர்மமே கிடையாது. இவன் ஏன் இங்கே வந்தான் என்பதுதான் கேள்வி. சொத்துக்காக அப்பாவைத் தீர்த்துக்கட்டியவன் தாய்மாமன் பொன்னம்பலம். தங்கை லீலாவைக் கட்டாயப்படுத்தித் தாலி கட்டுபவனும் அவனே. தமிழ் வீடுகளில் மாமனுக்கு இருக்கும் உரிமையைத் தெரிந்தவர்களுக்கு இந்த வில்லத்தனத்தின் வலி கூடுதலாக உறைக்கும்.

சரி, ஏன் அந்தமான்? 1858 முதல் ஆங்கிலேயர் கைதிகளை அங்கே கப்பலேற்றினார்கள். போர்ட் பிளேரில் 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் ஏழு கிளைகள், அறைக்கு ஒரு கைதி. ஒரு கிளையின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கும். எதிரில் இருப்பவரோடு சைகைகூடக் காட்ட முடியாது. உள்ளிருந்து கைவிட்டாலும் எட்டாதபடி தாழ்ப்பாளைச் சுவருக்குள் தள்ளி வைத்தார்கள். பகலில் செக்கிழுத்துத் தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். சாவகாசமாக உட்கார்ந்து சக கைதியிடம் கதை சொல்வதெல்லாம் அங்கே நடக்கிற காரியமா என்று கேட்டால், பதில் சங்கடமானதுதான். நாடகத்துக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிடலாம்.

படம் வந்தபோது அந்தத் தண்டனையே வழக்கொழிந்திருந்தது. 1942-ல் ஜப்பானியர் தீவுகளைப் பிடித்தார்கள்; 1945-ல் ஆங்கிலேயர் திரும்பியதும் கைதிக் குடியிருப்பை மூடிவிட்டார்கள். 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். ஆனாலும் 'அந்தமான்' என்றதும் தமிழ் ரசிகர்களுக்கு ஆயுள் தண்டனைதான் நினைவுக்கு வந்தது. 1978-ல் முக்தா சீனிவாசன் சிவாஜியையும் சுஜாதாவையும் வைத்து 'அந்தமான் காதலி' எடுத்தபோது அதே தீவு காதலுக்கு ஏற்ற இடமாகிவிட்டது!

இன்றைய திரில்லர்கள் கடைசி நிமிடத் திருப்பத்தை நம்பியே ஓடுகின்றன. திருப்பம் தெரிந்துவிட்டால் மறுமுறை பார்க்க ஒன்றும் மிஞ்சாது. 'அந்தமான் கைதி'யின் வசனம் நாடகத்தனமாக நீளும், பாட்டுகளும் அதிகம். அதைப் பொறுத்துக்கொண்டால், முடிவு தெரிந்த பிறகும் பார்க்க முடிகிற குற்றப் படம் இது.