ஊர்ப்பெயர் தாங்கிய உணவு: வாங்குவோர்க்கும் விளைவிப்போர்க்கும் உள்ள உரிமைகள்

கொச்சி மாநகரின் கலூர், மட்டாஞ்சேரி முதலிய பகுதிகளில் வாழ்வோர், இடுக்கி மாவட்டத்து மறையூர் வெல்லத்தையும், நகரையொட்டிய உவர்நிலங்களில் விளையும் பொக்காளி அரிசியையும், நாட்டுப்புறக் கடைகளில் விற்கும் தென்னங்கள்ளையும் தேடி வாங்குவது வழக்கமாகியிருக்கிறது. கடைத்தெருவில் மட்டுமன்றி, விளையும் இடத்துக்கே நேரில் சென்று வாங்குவோரும் உள்ளனர். இத்தகைய பண்டத்துக்கு முன்னால் நிற்கும் ஊர்ப்பெயர் அதன் விலையைக் கூட்டுகிறது. ஆகவே அப்பெயரைப் பொய்யாகச் சூட்டுவதற்கான தூண்டுதலும் கூடுகிறது. அப்பொய்யால் வாங்குபவர் பணத்தையும் சில வேளைகளில் உடல்நலத்தையும் இழக்க, அவர் கண்ணுக்குப் படாத உழவர் தம் விளைச்சலுக்குரிய விலையை இழக்கிறார்.

ஓர் இடத்தின் மண், நீர், தட்பவெப்பம், கைத்திறன் ஆகியவற்றால் ஒரு பண்டம் தனித்தன்மை பெறும்போது, அவ்விடப்பெயருக்கு வழங்கப்படும் சட்டப் பாதுகாப்பே புவிசார் குறியீடு. 1999-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதனை ஆள்கிறது. வணிகச் சின்னம் ஒரு நிறுவனத்துக்கு உரியது. புவிசார் குறியீடோ அந்நிலப்பகுதியின் உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவானது, அதனை ஒருவர் பிறருக்கு விற்கவும் இயலாது. உரிய பதிவகத்தில் பெயர் பதிந்துகொண்ட உற்பத்தியாளர் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' எனப்படுகிறார். போலியாகப் பெயர் பயன்படுத்துவோர் மீது வழக்குத் தொடரும் உரிமை அவருக்கு உண்டு. இக்குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். உண்மையான மறையூர் வெல்லத்தை முறையாக வாங்கி மறுவிற்பனை செய்யும் கலூர்க் கடைக்காரர் குற்றவாளி ஆகார் என்பதையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். குற்றம் பெயரை விற்பதில் இல்லை, வேறு பண்டத்தை அப்பெயரில் விற்பதில் இருக்கிறது.

மறையூர் வெல்லம் இக்குறியீட்டை 2019-இல் பெற்றது. மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் வழியிலுள்ள மறையூர், காந்தளூர் முதலிய ஊர்கள் அடங்கிய அஞ்சுநாட்டுப் பகுதி, கேரளத்துக்குள் தமிழ் பேசும் உழவர்கள் பல தலைமுறைகளாகக் கரும்பு பயிரிட்டுவரும் நிலமாகும். வயலோரக் கொட்டகையில் பிழிந்த சாற்றைப் பெருங்கொப்பரையில் ஊற்றி, சுண்ணாம்பு சேர்த்து அழுக்கை நுரையாக எடுத்து, பாகு பதத்துக்கு வந்ததும் கையாலேயே உருட்டுவதால், உண்டையின் மேல் விரல் பதிந்த தடம் தெரியும். மலையாளத்தில் இது 'மறையூர் சர்க்கரை' என்றே வழங்குகிறது. தமிழர் சர்க்கரை என்று சொல்லும் வெள்ளைச் சீனியோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. தமிழ்நாட்டுச் சந்தைகளிலிருந்து மலிவான வெல்லத்தைக் கொண்டுவந்து மறையூர்ப் பெயரில் விற்கிறார்கள் என்பது அப்பகுதி உழவர்களின் நெடுநாள் முறையீடு. வெளிர்மஞ்சளாக மின்னும் வெல்லம் தூய்மையானது என்ற எண்ணமே இம்மோசடிக்குத் துணைபோகிறது. ஏனெனில் அந்நிறம் பெரும்பாலும் 'ஹைட்ரோஸ்' எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டு வெளுப்பானால் வருவது, மறையூர் வெல்லமோ கரும்பழுப்பானது. எனினும் நிறத்தையும் விரல்தடத்தையும் போலியாக உருவாக்க முடியும் என்பதால், அவை ஐயத்தைக் கிளப்பவோ தணிக்கவோ உதவுமேயன்றிச் சான்றாக மாட்டா.

பொக்காளியின் நிலை வேறு. கடமக்குடி, வைப்பின், செல்லானம் பக்கத்து உவர்நிலங்களில், மழை உப்பைக் கழுவிய பின் நெல்லும், அறுவடைக்குப் பின் அதே வயலில் இறாலும் மாறி மாறி வளர்கின்றன. வைக்கோல் தாள் இறாலுக்கு இரையாகவும் இறாலின் கழிவு நெல்லுக்கு எருவாகவும் ஆவதால் இரசாயன உரத்துக்கு இடமில்லை. இதற்கும் புவிசார் குறியீடு உண்டு என்றாலும், சாகுபடிப் பரப்பு குறைந்துவருவதால் கிடைக்கும் அளவு சிறிது. ஆகவே எங்கும் எப்போதும் மலிவாகக் கிடைக்கும் 'பொக்காளி' என்பதைக் கேள்வியின்றி ஏற்கலாகாது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006, உழவரையும் மீனவரையும் அவர்களது விளைபொருளையும் தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைக்கிறது. கரும்பை விற்கும் உழவர் இவ்விலக்குக்குள் அடங்குவார். அக்கரும்பை வெல்லமாகக் காய்ச்சி விற்பவரோ உணவு உற்பத்தியாளர் ஆகிவிடுவதால், எளிய பதிவேனும் பெற்று 14 இலக்க எண்ணைத் தாங்க வேண்டும். 2022 சனவரி முதல் உணவு விற்பனை ரசீதிலும் அவ்வெண் அச்சிடப்பட வேண்டும். பொட்டலமிடப்பட்ட பண்டத்தின் மேல் உற்பத்தியாளர் முகவரி, நிகர எடை, தயாரித்த நாள், பயன்படுத்தத்தக்க காலம் ஆகியவை இருந்தாக வேண்டும்.

பலரும் அறியாத ஓர் உரிமை இதே சட்டத்தின் 40-ஆம் பிரிவில் உள்ளது. தாம் வாங்கும் உணவை ஆய்வுக்கு அனுப்பவிருப்பதாக வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட்டு, எந்தச் சாதாரண நுகர்வோரும் உரிய கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அறிக்கை பெறலாம். பண்டம் சட்டத்துக்கு மாறானது என்று அறிக்கை கூறினால் அக்கட்டணம் திருப்பித் தரப்படும். உணவால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் 1 லட்சம் ரூபாய் வரையும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாயும் இழப்பீடு விதிக்க 65-ஆம் பிரிவு வழிசெய்கிறது.

கள்ளைப் பொறுத்தவரை ஆபத்து பணத்தோடு நிற்பதில்லை. 1982 ஓணத்தின்போது கொச்சியையொட்டிய வைப்பின் தீவில் மெத்தனால் கலந்த சாராயம் 70-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பலர் பார்வை இழந்தனர். 2010-இல் மலப்புரம் மாவட்டத்தில் நச்சு கலந்தது கள்ளிலேயே. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. இதற்குப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவர் தொடக்கத்தில் நலமாகவே தோன்றுவார். பார்வை மங்குதல், வாந்தி, வயிற்றுவலி கண்டவுடன் வீட்டு மருந்து தேடாமல் மருத்துவமனைக்குச் சென்று, குடித்ததை மறைக்காமல் சொல்வதே உயிரையும் கண்ணையும் காக்கும். மற்றொன்றும் அறியத்தக்கது: எறணாகுளம் மாவட்டக் கடைகளில் உள்ளூர்க் கள் என்று பருகப்படுவதில் கணிசமான பங்கு பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலிருந்து நாள்தோறும் வண்டியில் வருவது. வழி நீளுந்தோறும் கலப்படத்துக்கு வாய்ப்பு மிகுவதால், கலால் துறையின் உரிமம் பெற்ற கடையைத் தவிர வேறெங்கும் வாங்கலாகாது. கேரளத்தில் 23 வயது நிறையாதோர் மது அருந்துதல் குற்றம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் அதை எல்லை கடத்துவதும் குற்றமே.

கலப்படமோ போலியோ ஐயமெழும்போது, பண்டத்தின் ஒரு பகுதியை உறையோடும் ரசீதோடும் எடுத்துவைத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடுவது முதற்படி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. பணத்தையும் இழப்பீட்டையும் கோருவதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மறையூரில் வாங்கிய வெல்லத்துக்காகக் கலூரில் குடியிருப்பவர் இடுக்கிக்குப் போக வேண்டியதில்லை. தாம் வசிக்கும் எறணாகுளம் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டிய அவ்வழக்குக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. பண்டத்துக்குச் செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணமும் இல்லை.