டிஎல்ஆர்-7: குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து

2020-ன் முதல் கொரோனா அலையில், நெதர்லாந்தில் நான்கு இளைஞர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். இரண்டு குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு சகோதரர்கள். வயது 21-லிருந்து 32-க்குள். அதுவரை சொல்லும்படியான நாள்பட்ட நோய் எதுவும் அவர்களுக்கு இருந்ததில்லை. நால்வருக்குமே வென்டிலேட்டர் வைக்க வேண்டியதாயிற்று. ஒருவர் இறந்துபோனார். முதியவர்களும் ஏற்கெனவே நோயுள்ளவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்ட நேரம் அது. ஆரோக்கியமான இளைஞர்கள், அதுவும் கூடப்பிறந்தவர்கள் இருவர் இருவராகப் படுத்துவிட்டதால் காரணம் பரம்பரையில் இருக்குமோ என்று நைமெகன் நகரின் ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். மரபணுக்களை முழுவதுமாகப் படித்துப் பார்த்தார்கள்.

இரு குடும்பங்களுக்கும் உறவில்லை. ஆனால் கோளாறு இருந்தது ஒரே மரபணுவில்: டிஎல்ஆர்-7. ஒரு குடும்பத்தில் அந்த மரபணுவின் நான்கு எழுத்துகள் காணாமல் போயிருந்தன. மற்றதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. பிறகு அந்த இளைஞர்களின் இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை எடுத்து, டிஎல்ஆர்-7-ஐத் தூண்டக்கூடிய இமிக்விமோட் என்ற மருந்தைச் சேர்த்துச் சோதித்தார்கள். மற்றவர்களின் அணுக்களில் வைரஸ் எதிர்ப்பு மரபணுக்கள் சட்டென்று விழித்துக்கொண்டன. இவர்களுடைய அணுக்களில் அந்த விழிப்பு மிகவும் மந்தமாகவே இருந்தது.

டிஎல்ஆர்-7 என்பது ஒரு புரதம், 1049 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இதுபோன்ற புரதங்களை ஏற்பி என்பார்கள். குறிப்பிட்ட பொருள் வந்து ஒட்டினால் செல்லுக்குச் சேதி சொல்வதுதான் ஏற்பியின் வேலை. தடுப்பூசி போட்டு வளர்க்கும் எதிர்ப்பு, ஒரு கிருமியைச் சந்தித்த பிறகு நாள்கணக்கில் தயாராவது. டிஎல்ஆர்-7 அந்த வகை அல்ல. பிறக்கும்போதே உடலில் இருப்பது, முன்பின் பார்த்திராத வைரஸையும் சில மணி நேரத்தில் கண்டுகொள்வது.

எப்படிக் கண்டுகொள்கிறது? கொரோனா, இன்ஃப்ளூயன்ஸா, டெங்கு போன்ற வைரஸ்கள் தங்கள் மரபுச் செய்தியை ஆர்என்ஏ இழையில் வைத்திருக்கின்றன. இந்த இழையில் வரும் நான்கு எழுத்துகளில் யூரிடின், குவானோசின் என்ற இரண்டும் நிறைந்த துண்டுகள் டிஎல்ஆர்-7-இல் ஒட்டும். இதை 2004-ல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் செல்களிலும் ஆர்என்ஏ இருக்கிறது, ஏராளமாக. அதிலும் அதே எழுத்துகள்தான். எழுத்தை மட்டும் பார்த்தால் நம்முடையது எது, வைரஸுடையது எது என்று பிரிக்க முடியாது.

உடல் இதற்குக் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது: ஏற்பியை வைக்கும் இடம். டிஎல்ஆர்-7 செல்லின் வெளிப்பரப்பில் இல்லை. செல் வெளியிலிருந்து விழுங்கிய பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் எண்டோசோம் என்ற சிறு பைகளுக்குள் இருக்கிறது. அந்தப் பைக்குள் அமிலத்தன்மை அதிகம். விழுங்கப்பட்ட வைரஸின் உறை அங்கே சிதையும், உள்ளிருக்கும் ஆர்என்ஏ வெளியே வரும், ஏற்பியில் ஒட்டும். நம் சொந்த ஆர்என்ஏ செல்லின் வேறு பகுதிகளில் இருப்பதால் சாதாரணமாக அந்தப் பைக்குள் வருவதில்லை. இறந்த செல்களிலிருந்து கசியும் ஆர்என்ஏவை இரத்தத்தில் உள்ள நொதிகள் உடனுக்குடன் நறுக்கிவிடும். ஆக, எண்டோசோமுக்குள் முழுதாக வந்து சேரும் ஆர்என்ஏ பெரும்பாலும் அந்நியம்தான்.

ஒட்டியதும் இன்டர்ஃபெரான் சுரக்கிறது. 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் இருவரும் கண்டுபிடித்த பொருள் இது. அக்கம்பக்கத்துச் செல்கள் இதைப் பெற்றதும், வைரஸ் தங்களுக்குள் பெருகாதபடி தயாராகிக்கொள்ளும். இன்டர்ஃபெரானைப் பெருமளவில் சுரப்பவை பிளாஸ்மசைட்டாய்ட் டென்ட்ரிட்டிக் செல்கள். இரத்தத்தின் வெள்ளையணுக்களில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சிறு கூட்டம், ஆனால் டிஎல்ஆர்-7-ஐ நிறைய வைத்திருப்பது. ஃப்ளூ வந்தால் உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போல் வலிக்கிறதே, அதில் இன்டர்ஃபெரானுக்கும் பங்கு உண்டு. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், ஊசி போட்ட அன்றே நோயாளிகளுக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வரும்.

நெதர்லாந்துச் சகோதரர்களுக்குத் தவறியது இந்த முதல் அடிதான். அது விதிவிலக்கான நிகழ்வும் அல்ல. 2021-ல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், காரணம் தெரியாமல் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 1202 ஆண் கொரோனா நோயாளிகளைச் சோதித்ததில் 16 பேருக்கு டிஎல்ஆர்-7 செயலிழந்திருந்தது. லேசாக வந்துபோன அல்லது அறிகுறியே இல்லாத 331 ஆண்களில் ஒருவருக்குக்கூட அது இல்லை. இதில் ஆண்களே சிக்குவதற்குக் காரணம், இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான்; அது பழுதானால் மாற்று இல்லை.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. பொதுவாக ஒவ்வொரு செல்லிலும் ஒன்று அடக்கப்பட்டுவிடும். ஆனால் டிஎல்ஆர்-7 மரபணு சில நோயெதிர்ப்புச் செல்களில் அந்த அடக்கத்துக்குத் தப்பி, இரண்டு பிரதிகளும் வேலை செய்வதை 2018-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வைரஸை எதிர்க்க இது நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அதன் பெயர் லூபஸ்.

லூபஸ் என்றால் உடலின் எதிர்ப்பு அமைப்பு தன் உடலையே தாக்குவது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள். எக்ஸ் கூடுதலாக ஒன்று கொண்டு பிறக்கும் ஆண்களுக்கும் ஏறத்தாழ பெண்கள் அளவுக்கே இந்நோய் வரும் வாய்ப்பு இருக்கிறது. டிஎல்ஆர்-7-க்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நெடுநாளாகச் சந்தேகம் இருந்தது. நேரடியான சான்று 2022-ல் வந்தது. ஸ்பெயினில் ஏழு வயதிலேயே கடுமையான லூபஸ் வந்த ஒரு சிறுமியின் மரபணுக்களை ஆய்வாளர் கரோலா வினுவேசாவின் குழு ஆராய்ந்தது. அவளுடைய டிஎல்ஆர்-7 சங்கிலியில் 264-வது இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் இருந்தது. பெற்றோருக்கு இல்லாத, அவளிடம் புதிதாகத் தோன்றிய மாற்றம். இந்த மாற்றத்தால் ஏற்பி அளவுக்கு மீறிய கூர்மை பெற்று, சாதாரண குவானோசினுக்கே வைரஸ் வந்ததுபோல் துள்ளியது. எலிகளுக்கு இதே மாற்றத்தைப் புகுத்தியபோது அவற்றுக்கும் லூபஸ் வந்தது.

ஒரே புரதம். செயலிழந்தால் 21 வயதிலும் வென்டிலேட்டர். துள்ளினால் ஏழு வயதில் லூபஸ். “இம்யூனிட்டியைக் கூட்டுங்கள்” என்று பொடியும் மாத்திரையும் விற்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை. கூட்டக் கூட்ட நல்லது என்ற கணக்கு நோயெதிர்ப்பில் செல்லாது.

மருத்துவம் இந்த ஏற்பியைத் தேவைக்கேற்பத் தூண்டவும் அடக்கவும் செய்கிறது. இந்தியாவில் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்ட கோவாக்சினில், டிஎல்ஆர்-7, அதன் இன ஏற்பியான டிஎல்ஆர்-8 இரண்டையும் தூண்டும் பொருள் ஒன்று துணைமருந்தாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, எதிர்ப்பு பலமாகப் பிடிக்கட்டும் என்று. ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளிலோ நேர்மாறு: ஆர்என்ஏவின் யூரிடினைச் சற்றே மாற்றி, இந்த ஏற்பிகளின் கண்ணில் படாமல் உள்ளே அனுப்புகிறார்கள். அப்படி மாற்றினால் தப்பலாம் என்பதை 2005-லேயே காட்டிய கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மேனும் 2023-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

லூபஸ் நோயாளிகள் பல ஆண்டுகளாகச் சாப்பிடும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை எண்டோசோமின் அமிலத்தன்மையைக் குறைத்து இந்த ஏற்பியை அடக்குகிறது. 2020-ல் அது கொரோனாவுக்கு மருந்து என்று பரவிய பேச்சால் பல நாடுகளில் தட்டுப்பாடு வந்து லூபஸ் நோயாளிகள் தவித்தார்கள். கொரோனாவில் அதனால் பலனில்லை என்பது பெரிய பரிசோதனைகளில் தெரிந்துவிட்டது.

இந்த மாத்திரை எழுதித் தரப்பட்டவர்கள், உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பவும் கிளம்பக்கூடும். விழித்திரைக்குப் பாதிப்பு வரக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் ஓர் இளம்பெண்ணுக்கு மூட்டுவலி விடாமல் இருந்து, வெயில் பட்டால் கன்னமும் மூக்கும் சிவந்து தடித்தால், அதை வெறும் அலர்ஜி என்று தள்ளிவிட வேண்டாம். ஏஎன்ஏ இரத்தப் பரிசோதனையும், புரதம் போகிறதா என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனையும் தேவையா என்று மூட்டுவாத மருத்துவரிடம் கேளுங்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது பெரும்பாலும் வலி இருக்காது.