கட்டுரை தயார், கால் தயாரா?

உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில் தொடங்கியது. 1981இல் நம் மதுரைக்கே வந்தது. 2019இல் சிகாகோ, 2023இல் மறுபடியும் கோலாலம்பூர். இவை போக, சிங்கப்பூர், இலங்கை, ஐரோப்பா என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கருத்தரங்கு. திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்தும் பேராசிரியர்களும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும் கிளம்பிப் போகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் போய்வந்தவர்களில் சிலர் நோயாளியாக என் முன்னால் வந்து உட்காரும்போது மனம் கலங்குகிறது. மாதக்கணக்கில் கட்டுரைக்கு உழைத்தவர்கள் உடம்புக்கு அரைமணி நேரம்கூட ஒதுக்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பிய பிறகும் பத்து நாள், பதினைந்து நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டு, முற்றியபின் வருகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

புது ஷூவும் வலிக்காத புண்ணும்

இங்கே வருடம் முழுக்கச் செருப்பு போடுகிறவர், வெளிநாடு என்றதும் புதுத் தோல் ஷூ வாங்குகிறார். அதை முதன்முதலாகப் போடுவதே விமான நிலையத்தில்தான். அங்கே முனையத்துக்கு முனையம் நடை, மெட்ரோ படிக்கட்டு, விடுதியிலிருந்து அரங்கத்துக்கு நடை. ஊரில் ஒரு வாரம் நடப்பதை அங்கே ஒரே நாளில் நடந்துவிடுகிறார்கள். பல வருடமாகச் சர்க்கரை இருப்பவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கொப்புளம் வரும், உடையும், புண்ணாகும். தெரியவே தெரியாது.

ஊருக்கு வந்ததும் யாரோ சொல்லி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுகிறார்கள். சுண்ணாம்பு தோலை அரிக்கும். இன்னும் சிலர் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைக்கிறார்கள். சூடு உறைக்காத கால் வெந்துபோகிறது. வாடை வந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். "வலியே இல்லையே டாக்டர், அதனாலதான் வரல" என்கிறார்கள். ஐயா, வலிக்காததுதான் ஆபத்து. எலும்புவரை சீழ் போய்விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும்.

ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்குங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தினமும் கொஞ்ச நேரம் வீட்டில் போட்டு நடந்து பழகுங்கள். அங்கே இரவு படுக்கும் முன் உள்ளங்காலை செல்போனில் படம் பிடித்துப் பாருங்கள். கருத்தரங்கில் எதையெல்லாமோ படம் பிடிக்கிறீர்கள், இதையும் பிடியுங்கள்.

வீங்கிய காலை நீவாதீர்கள்

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு கூடுகிறது. மதுரையிலிருந்து சிகாகோ போய்ச்சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடுகிறது. இரண்டு கணுக்காலும் ஒன்றுபோல வீங்கி ஓரிரு நாளில் வடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் நேரே மருத்துவமனைக்கு வாருங்கள். பயணம் முடிந்து சில வாரம் கழித்தும் இது வரலாம்.

நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? எண்ணெய் காய்ச்சி நீவி விடுகிறார்கள், நொச்சி ஒத்தடம் கொடுக்கிறார்கள். கட்டி இருக்கும் காலை நீவினால் அது பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். திடீரென மூச்சுத் திணறி, நெஞ்சு வலித்து, உயிரே போகலாம். பாட்டி காலத்திலிருந்து செய்ததுதானே என்று வாதாடாதீர்கள். பாட்டி காலத்தில் பதினைந்து மணி நேரம் விமானத்தில் முடங்கிக் கிடந்தவர் யாரும் இல்லை.

ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. விமானப் பயணத்துக்கென்று அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வயிற்றில் புண் இருந்தால் ரத்தக்கசிவுதான் மிஞ்சும். கழிப்பறைக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது அதைவிடத் தவறு. பெண்கள் பலர் இப்படிச் செய்துவிட்டுச் சிறுநீர்த் தொற்றோடு வருகிறார்கள். தூக்க மாத்திரையும் வேண்டாம். அது உங்களை அசையவே விடாது. நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள், மணிக்கொரு முறை எழுந்து நடங்கள்.

மேடையில் வந்த நடுக்கம்

சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை வழக்கம்போல் போட்டுவிட்டு, பிடிக்காத உணவென்று இரண்டு ரொட்டித்துண்டோடு எழுந்துவிடுகிறார்கள். அமர்வு தள்ளிப்போகிறது. மேடை ஏறியதும் வியர்வை, கை நடுக்கம், வார்த்தை தடுமாற்றம். எல்லோரும் அதை மேடைப் பயம் என்றே நினைக்கிறார்கள். அது தாழ்சர்க்கரை. 70 மி.கி.க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ், கால்மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. சட்டைப்பையில் குளுக்கோஸ் இல்லாமல் மேடை ஏறாதீர்கள்.

இதற்கு நேர்மாறும் உண்டு. சரியாகச் சாப்பிடவில்லையே என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, தேநீர் இடைவேளைக்கு இடைவேளை பிஸ்கட்டும் பழச்சாறும் எடுப்பார்கள். கோலாலம்பூரில் தே தாரிக் என்றால் இனிப்பான கெட்டிப்பால் சேர்ந்த தேநீர். "தே ஓ கோசோங்" என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாமல் தருவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும். அங்கே சோற்றைக் குறைத்துக் கூட்டு, கீரையைக் கூட்டிக் கேளுங்கள். விமானத்தில் சைவ உணவு வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். நீரிழிவு உணவு என்று பதிந்தால் அதில் இறைச்சி இருக்கலாம். பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை கைப்பையில் இருக்கட்டும். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேல் பொடி வகை இருந்தால் தனிச் சோதனை உண்டு. பருப்புப்பொடியைப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

இன்சுலினை மட்டும் பெட்டியில் போடவே கூடாது. சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் அது வீண். மருந்துச் சீட்டோடு கைப்பையில் கொண்டுபோங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் மருந்து மூட்டை

வயிற்றுப்போக்குக்கு, சளிக்கு, மேல்வலிக்கு என்று மருந்துக்கடையில் சொல்லி ஒரு பை நிறைய வாங்கிப் போவதை நிறுத்துங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடாலும் விமானம் மாறும் வளைகுடா நாடுகளில் முன்அனுமதி இல்லாமல் பிடிபட்டால் சிறைவரை போகும். சாதாரண வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம்தான் முதல் மருந்து. ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தொடாதீர்கள்.

போகும் முன் ஒருமுறை வாருங்கள்

கையெடுத்துக் கேட்கிறேன், மூன்று வாரம் முன்பே வாருங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு, கிரியேட்டினின், இசிஜி, பாத உணர்வுச் சோதனை, அவ்வளவுதான். கோடையில் சிகாகோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. எந்த மருந்தை எந்த மணிக்கு என்று ஒரு தாளில் எழுதித் தருகிறேன். நீங்களாகக் கணக்குப் போட்டு இரண்டு வேளை இன்சுலினை அடுத்தடுத்துப் போட்டுவிடாதீர்கள். பயணக் காப்பீட்டில் பழைய சர்க்கரை, ரத்தக்கொதிப்பு சேர்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

திரும்பி வந்தபின் காலில் சின்னப் புண்ணோ ஒருபக்க வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள். ஞாயிறென்று தள்ளாதீர்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவும் பகலும் உண்டு. மூச்சுத் திணறினால் எனக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்.