கம்பியும் ஒரு சுவர்

வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் யூதர்களின் ஓய்வு நாளான சபாத் தொடங்குகிறது. அன்று விலக்க வேண்டியவை என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அடுக்கும் 39 வேலைகளில் கடைசியானது, தனியிடத்திலிருந்து பொதுவெளிக்கு ஒரு பொருளைக் கொண்டுபோவது. எடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வீட்டுக்குள் நாற்காலியைத் தூக்கி நகர்த்தலாம். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கக் கூடாது. கைக்குழந்தைக்காரியும் வீட்டோடு அடைபட்டுப்போவாள்.

இந்த இறுக்கத்துக்கு யூத மதகுருக்களான ரபிகள் கண்ட வழிதான் ஏருவ். வேதமான தோராவின் கணக்கில் முழுப் பொதுவெளி ஆகாத தெருக்களில் சுமப்பதைத் தடுத்தவர்கள் ரபிகளே. அவற்றைச் சுற்றி வளைத்தால் சுமக்கலாம் என்று விதித்தவர்களும் அவர்களே. வளைக்கச் சுவர் வேண்டும். வாசல் திறந்திருப்பதால் சுவர் சுவரில்லாமல் போய்விடாது. அப்படியானால், வாசல்களையே வரிசையாக நிறுத்தினாலும் அது சுவர்தான். வாசலுக்குக் கதவு வேண்டாம். இரண்டு நிலைக்கால்களும் மேலே ஒரு குறுக்குச் சட்டமும் போதும். கம்பங்கள் நிலைக்கால்கள், கம்பி குறுக்குச் சட்டம். ஆனால் சட்டம் நிலைக்காலின் தலைக்கு மேல் செல்ல வேண்டும். மின்கம்பத்தில் கம்பி பக்கவாட்டில் ஓடினால் அந்த வாசல் செல்லாது. அதற்காகக் கம்பிக்கு நேர்கீழே, தரையிலிருந்து பத்துக் கைப்பிடி உயரத்துக்குக் குறையாமல், மெல்லிய பட்டை ஒன்றைப் பொருத்துகிறார்கள். இதை ஏமாற்று வேலை என்பது தவறு. மதச் சட்டத்தை அதன் சொந்த அளவுகோலாலேயே இவ்வளவு நுணுக்கமாக அளந்தவர்கள் அரிது.

வளைத்தால் மட்டும் போதாது. குடியிருப்போர் பொதுவில் உணவு வைத்து ஒரே வீட்டார் ஆக வேண்டும்; இதில் சேராத மற்றவர்களின் இடத்துக்காக உள்ளாட்சியிடம் பெயரளவுக்குக் குத்தகை பெற வேண்டும். இதனால் யாருடைய சொத்துரிமையும் மாறுவதில்லை.

இருந்தும் நியூஜெர்சியின் டெனாஃப்ளை நகர மன்றம், கம்பங்களில் எதையும் பொருத்தக் கூடாது என்ற பொதுவிதியைக் காட்டிப் பட்டைகளை அகற்ற முனைந்தது. அதே கம்பங்களில் வீட்டு எண் பலகைகளும், காணாமற்போன வளர்ப்புப் பிராணிகளுக்கான அறிவிப்புகளும் இருந்தன. 2002இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் பட்டைகளை அகற்றத் தடை விதித்தது. பொதுவிதி என்று சொல்லப்பட்டது எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை.

பெருநகரை வளைக்கலாமா? ரபிகளே உடன்படவில்லை; நியூயார்க்கின் மோஷே ஃபைன்ஸ்டைன் மன்ஹாட்டன் ஏருவை ஏற்கவில்லை.

அணிந்த உடை சுமையா? இல்லை.

ஏருவுக்குள் குடை விரிக்கலாமா? கூடாது, அது கூடாரம் அமைப்பதற்கு ஒப்பு.

பணம்? தொடவே கூடாது.

எவ்வளவு தூரம் நடக்கலாம்? ஊர் எல்லைக்கு அப்பால் 2,000 முழம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இது தனிச் சட்டம்.

கம்பி அறுந்தால்? ஓரிடத்தில் அறுந்தாலும் வளையம் முழுதும் செல்லாமல் போகலாம். அதனால் வாரந்தோறும் சபாத்துக்கு முன்பே சுற்றிப் பார்த்துவிடுகிறார்கள். சூரியன் மறைந்த பிறகு அதைக் கட்ட வழியில்லை. முடிச்சுப் போடுவதும் அந்த 39 வேலைகளில் ஒன்று.