பதினெட்டு அங்குலம்

இரட்டைக்குழல் துப்பாக்கி வேட்டைக்காரர்களுக்கு நெடுநாள் பழகிய கருவி. அதன் குழல்கள் வாய்ப்புறத்தில் சற்றே ஒடுங்கியிருப்பதால், தோட்டாவிலுள்ள ரவைகள் விரைவிற் சிதறாமற் செல்கின்றன. அக்குழல்களை ரம்பத்தால் அறுத்துவிட்டால் ஒடுக்கம் போய்விடும். தொலைவிலுள்ள குறியை அடித்தல் அரிது. வேட்டைக்குப் பயன் குன்றிய அக்கருவி, மேலங்கிக்குள் மறைத்துச் செல்வதற்கு மட்டும் வாய்ப்பாகிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய 1920 முதல் 1933 வரையிலான ஆண்டுகளில் கொள்ளைக் கூட்டத்தார் இதனை விரும்பியது வியப்பன்று.

1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. குழல் 18 அங்குலத்திற்குக் குறைந்த சிதறுகுண்டுத் துப்பாக்கியைப் பதிவு செய்தல் வேண்டும்; கைம்மாறும்போது 200 டாலர் வரி செலுத்துதல் வேண்டும். அந்நாளில் துப்பாக்கியின் விலையே அவ்வளவு இராது! தடை என்னும் சொல்லைக் கூறாமல், வரியின் வாயிலாகவே தடுப்பது நோக்கம். முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் அடங்கியிருந்தன. நீண்ட துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கி போல ஆக்கிக்கொண்டு சட்டத்திற்குத் தப்பலாகாது என்றே குறுங்குழலையும் சேர்த்தனர். பின்னர்க் கைத்துப்பாக்கி நீக்கப்பட்டது. அதற்குக் காவலாக வந்த விதி மட்டும் தங்கிவிட்டது!

இச்சட்டம் செல்லுமா என்னும் வினா 1938இல் எழுந்தது. பதிவு செய்யாத குறுங்குழல் இரட்டைத் துப்பாக்கி ஒன்றை ஓக்லஹோமாவிலிருந்து ஆர்க்கன்சாவுக்குக் கொண்டு சென்றதாக மில்லர், லேட்டன் என்னும் இருவர் பிடிபட்டனர். ஆயுதம் தாங்கும் உரிமையைக் காக்கும் இரண்டாம் அரசியல் திருத்தத்திற்கு இச்சட்டம் முரண் என்று மாவட்ட நீதிபதி வழக்கைத் தள்ளினார். அரசாங்கம் உச்சநீதிமன்றத்தை அடைந்தது. எதிர்த்தரப்பில் வாதிட ஒருவரும் வரவில்லை. தீர்ப்புக்கு முந்திய மாதத்தில் மில்லர் சுடப்பட்டு இறந்தார். 1939 மே 15ஆம் நாள் நீதிபதி மெக்ரெனால்ட்ஸ் தீர்ப்புரைத்தார்: குடிப்படையின் பணிக்கும் இத்தகைய துப்பாக்கிக்கும் தொடர்புண்டு எனக் காட்டும் சான்று முன்வைக்கப்படவில்லை, ஆதலின் அரசியல் திருத்தம் இதனைக் காக்கிறது எனக் கூறவியலாது என்றார்.

சான்று காட்ட எவரும் இல்லாதபோது சான்றில்லை என்றுரைத்தது முறையோ என்று சட்ட மாணவர்கள் இன்றும் வாதிடுகின்றனர். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையினர் சிதறுகுண்டுத் துப்பாக்கிகளைப் பதுங்குகுழிகளிற் கையாண்டனர். 1918இல் ஜெர்மனி அதனைக் கண்டித்தது. எனினும் அப்போர்த் துப்பாக்கிகளின் குழல் ஏறத்தாழ 20 அங்குலம்! வழக்கறிஞர் ஒருவர் வந்திருப்பினும் வெற்றி உறுதி என்று நான் சொல்லமாட்டேன். 2008ஆம் ஆண்டின் ஹெல்லர் வழக்கிலும், சட்டத்திற்கடங்கிய குடிமக்கள் நல்ல நோக்கத்திற்காக வழக்கமாக வைத்திராத ஆயுதத்திற்கு உதாரணமாக உச்சநீதிமன்றம் இக்குறுங்குழலையே காட்டிற்று.

வகைப்பாட்டில் மற்றொரு விந்தையும் உண்டு. தோட்கட்டையோடு பிறந்து பின்னர் அறுபட்ட துப்பாக்கி ஒரு வகை. தொடக்கத்திலேயே கைப்பிடியோடு செய்யப்பட்ட இத்தாக்கா நிறுவனத்தின் குட்டை இரட்டைக்குழல், ‘பிற ஆயுதம்’ என்னும் வேறு வகை. சுடுவதில் வேறுபாடு சிறிது, பிறப்பில்தான் பெரிது. 1934இல் அந்நிறுவனம் அதனைச் செய்வதை நிறுத்திவிட்டது.

200 டாலர் வரி தொண்ணூறாண்டுகளுக்கு மேல் மாறாதிருந்து, 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து குறுங்குழலுக்குச் சுழியமாயிற்று. கைரேகை, நிழற்படம், பதிவு, மத்திய அரசின் ஒப்புதல் ஆகியவை அப்படியே உள்ளன. மாநிலச் சட்டமும் இடந்தர வேண்டும். பிரிட்டனிலோ எல்லை 24 அங்குலம். அமெரிக்காவில் எளிய வேட்டைக் கருவியாக மதிக்கப்படும் 20 அங்குலக் குழல், அங்கே கடுமையான உரிமச் சீட்டின்கீழ் வந்துவிடுகிறது.