உங்களுக்குத் தெரியுமா? குறைமாவு உணவில் எடை இறங்காமல் நிற்பது ஏன்?

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணத் தொடங்கிய முதல் வாரங்களில் விரைந்து இறங்கும் எடையில் பெரும்பகுதி கொழுப்பன்று, நீரே ஆகும். கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிணைத்து வைத்திருப்பதால், அச்சேமிப்பு கரையும்போது நீரும் உடன் வெளியேறுகிறது.

சில மாதங்களுக்குப் பின் எடை அசையாமல் நிற்பதற்குக் காரணம் வேறு. இளைத்த உடலுக்கு ஆற்றல் தேவை குறைவு என்பதோடு, உணவுப் பற்றாக்குறையை உணர்ந்த உடல், எடை குறைந்த அளவுக்கும் மேலாகத் தன் ஆற்றல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. இதனைத் தகவமைப்பு வெப்ப ஆக்கம் என்பர். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45ஆம் ஆண்டுகளில் உடலியலாளர் ஆன்செல் கீஸ் 36 தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய அரைப்பட்டினி ஆய்வு இச்சுருக்கத்தைத் தெளிவாகப் பதிவு செய்தது.

உண்ணும் அளவும் எடை தேங்கக் காரணமாகலாம். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருவதால், 100 கிராம் வேர்க்கடலையிலேயே 550 கலோரிக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. ஆகவே பருப்புக் கொட்டைகள், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றை அளந்து உண்பதும், போதிய புரதத்தோடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்வதும், நன்கு உறங்குவதும், எடையோடு இடுப்புச் சுற்றளவையும் குறித்து வருவதும் தேக்கத்தைக் கடக்க உதவும். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவுமுறையை மாற்றலாகாது.