குடல் அழற்சியும் சத்துக் குளிசைகளும்

தேநீர் இல்லாமல் பொழுது விடியாத கண்டிப் பகுதியில், குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் விழுங்கினால், அந்த இரும்பு உடலில் சரியாகச் சேராது. குறைந்தது ஒரு மணிநேர இடைவெளி தேவை.

மலத்துடன் இரத்தம் போவதால் இந்நோயாளர்களுக்கு இரத்தச்சோகை ஏற்படுகிறது. அழற்சி கடுமையாக இருக்கும்போது குளிசையை விட, நாளத்தினூடாக இரும்பு ஏற்றுவதே பலனளிக்கும்.

விற்றமின் பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அப்பகுதி சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்டவர்களுக்கு ஊசி தேவைப்படலாம். சல்பாசலசின் போலிக் அமிலத்தைக் குறைக்கும். ஸ்டீரொய்ட் எலும்பைப் பலவீனமாக்கும்; அப்போது கல்சியமும் விற்றமின் டீயும் அவசியம்.

ஆகவே பாமசியில் ஏதோவொரு சத்துக் குளிசையை வாங்காதீர்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ கிளினிக் செல்லும்போது, எந்தச் சத்துக் குறைவென்று இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கும்படி கேளுங்கள். தீராத களைப்பை வேலைப்பளு என்று விட்டுவிடாதீர்கள்.